வக்கார் யூனிஸும் பெங்களூருவின் 40 ரன்களும்

யார்க்கர் தாசன்:
1996 கிரிக்கெட் உலகக் கோப்பை பற்றிய இழையில் கணக்குப்பிள்ளை என்ற அன்பர் நேற்றிரவு பாகிஸ்தான் வேகப்பந்துவீச்சாளரைப் பற்றி, "வக்கார் யூனிஸ் நெருக்கடி வந்தால் உடைந்துபோகும் பந்துவீச்சாளர், பெங்களூருவில் வீசிய கடைசி 2 ஓவர்களே அதற்குச் சாட்சி" என்று எழுதிவிட்டு, பதில் வருவதற்குள் தூங்கப் போய்விட்டார். அந்த இழை வேறு திசையில் போய்விட்டதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். 87 டெஸ்ட்களில் 373 விக்கெட்டுகள், 262 ஒருநாள் ஆட்டங்களில் 416 விக்கெட்டுகள், அவற்றில் 13 முறை ஒரே ஆட்டத்தில் ஐந்து அல்லது அதற்கு மேல் எடுத்திருக்கிறார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, 12 பந்துகளை வைத்து ஒரு மனிதரின் 14 ஆண்டு உழைப்பை அளப்பவரிடம் என்ன பேசுவது என்று ஒதுங்கிப் போகலாம்தான். ஆனால் அந்தப் பதிவுக்கு இத்தனை பேர் விருப்பம் தெரிவித்திருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
தூங்கியது உண்மைதான்; மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் தூங்குவார்கள். தங்கள் பட்டியலில் உள்ள ஒரு எண்ணையும் நான் மறுக்கவில்லை. நான் சொன்னது ஒன்றே ஒன்று, அதைத் தாங்கள் தொடவே இல்லை. 1996 மார்ச் 9, பெங்களூரு சின்னசாமி மைதானம், இந்தியாவுக்கு எதிரான கால் இறுதி. முதல் 8 ஓவர்களில் 27 ரன்களை மட்டுமே கொடுத்திருந்த வக்கார், கடைசி 2 ஓவர்களில் 40 ரன்களைக் கொடுத்தார். பாகிஸ்தான் எத்தனை ரன்களில் தோற்றது? 39. கழித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் கழித்துப் பாருங்கள்.

யார்க்கர் தாசன்:
அப்படியானால் அந்த 2 ஓவர்களிலும் அவர் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் இருந்திருந்தால்தான் தங்கள் கணக்கு நிற்கும். உலகக் கோப்பைக் கால் இறுதியில், இன்னிங்ஸின் கடைசி 3 ஓவர்களில் இரண்டை ரன்னே கொடுக்காமல் வீசிய ஒருவரைத் தாங்கள் காட்டுங்கள், நான் இந்தத் தளத்தைவிட்டே போய்விடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
போவதாகத் தாங்கள் சொல்வது புதிதல்ல. ஸ்ரீநாத்தின் வேகம் பற்றிய விவாதத்தின்போதும் சொன்னீர்கள், இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள். ரன் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 40 கொடுக்கக் கூடாது என்கிறேன். எந்த நாளிலும் ஓவருக்கு 10 ரன் என்பதே தாராளம். 20 ரன்கள் கொடுத்திருந்தால் இலக்கு 268. அந்த ஆட்டத்தை மாற்ற அது போதும்.

டி ஸ்டாண்ட்:
கணக்குப்பிள்ளை ஐயா ஒரு முக்கியமான செய்தியைச் சௌகரியமாக மறந்துவிட்டார். அன்று பாகிஸ்தான் அணித்தலைவரும் வக்காரின் பந்துவீச்சு இணையுமான வாசிம் அக்ரம் காயத்தால் ஆடவில்லை. அவருக்குப் பதில் அணித்தலைவராக ஆமிர் சொஹைல் இறங்கினார். வக்காரின் பந்துவீச்சு வாழ்க்கை முழுவதும் மறுமுனையில் வாசிம் இருப்பார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. மட்டையாளர்கள் ஒருவரிடமிருந்து தப்பித்து இன்னொருவரிடம் சிக்குவார்கள். அந்த மறுமுனை அன்று வெறுமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் 40 ரன்னை மட்டும் சொல்வது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

கணக்குப்பிள்ளை:
வாசிம் இல்லாவிட்டால் வக்கார் இல்லை என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இதைவிடக் கடுமையாக நான்கூடச் சொல்லவில்லை. தாசன் அவர்களே, தங்கள் பக்கத்து வழக்கறிஞரைக் கொஞ்சம் கவனியுங்கள்.

டி ஸ்டாண்ட்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. வாக்கியத்தைப் பாதியில் வெட்டி எடுத்து ஆடுவது தங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 1990-ல் நியூசிலாந்துக்கு எதிரான 3 டெஸ்ட்களில் வக்கார் 29 விக்கெட்டுகளை எடுத்தார். 1991-ல் சர்ரே மாகாணத்துக்காக ஆடி 113 சாம்பியன்ஷிப் விக்கெட்டுகளை 14.65 என்ற சராசரியில் எடுத்தார். அங்கே மறுமுனையில் எந்த வாசிமும் இல்லை, அவர் லங்காஷயரில் இருந்தார். சர்ரேயின் சொந்த மைதானமான ஓவலின் ஆடுகளம் அன்று மட்டையாளர்களின் சொர்க்கம் என்பது அந்தக் காலத்துக் கிரிக்கெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பழைய பந்து:
இந்த இழையில் பேசும் யாரும் அவர் பந்துவீசியதை உண்மையாகப் பார்த்திருக்கிறீர்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. பார்வைத் திரைக்குப் பக்கத்திலிருந்து தொடங்கும் நீண்ட ஓட்டம், கடைசி நாலைந்து அடிகளில் இன்னும் கூடும் வேகம், பக்கவாட்டாகச் சுழன்று வரும் கை. பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதுபோலப் புறப்படும். மட்டையாளர் காலை நகர்த்திவிட்ட பிறகு, கடைசி ஒரு கஜத்தில் உள்ளே திரும்பிக் கால்விரலைத் தேடும். காலை விலக்கினால் ஸ்டம்பு போகும், விலக்காவிட்டால் பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ. அவருடைய டெஸ்ட் விக்கெட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த இரண்டு வகையில் வந்தவை. ஸ்லிப்பில் நிற்பவர்களின் தயவு அவருக்குத் தேவைப்படவில்லை. 1997-ல் பாகிஸ்தானுக்கு வந்த மேற்கிந்தியத் தீவுகளின் பிரையன் லாரா இப்படி ஒரு யார்க்கரில் நிலைகுலைந்து தரையில் விழ, ஸ்டம்பு சிதறியது. உலகின் முதல்தர இடக்கை ஆட்டக்காரரைக் குப்புற விழவைத்தவர் நெருக்கடியில் உடைபவரா?

கணக்குப்பிள்ளை:
லாரா விழுந்தது டெஸ்டில். நான் கேட்பது கால் இறுதியைப் பற்றி. அழகான வர்ணனைக்கு நன்றி, ஆனால் அந்தக் கடைசி ஒரு கஜத்தில் திரும்பும் பந்து மார்ச் 9 அன்று எங்கே போயிருந்தது என்பதுதான் என் கேள்வி. அஜய் ஜடேஜா 25 பந்துகளில் 45 ரன்கள் எடுத்தார். ஜடேஜா நல்ல ஆட்டக்காரர்தான், லாரா அல்ல.

நடுநிலை நாயகன்:
நண்பர்களே, இரு தரப்பும் 'நெருக்கடி' என்பதை வெவ்வேறாகப் புரிந்துகொண்டு பேசுகிறீர்கள். ஒருநாள் ஆட்டத்தின் இறுதி ஓவர்களா, தொடரின் இறுதிக் கட்டமா, அணி தோற்கும் நிலையில் இருக்கும்போது பந்துவீசுவதா? முதலில் அதை வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
40 ரன் என்பதற்கு வரையறை தேவையில்லை.

யார்க்கர் தாசன்:
முதல்முறையாகக் கணக்குப்பிள்ளையோடு உடன்படுகிறேன், வரையறை தேவையில்லை. இங்கிலாந்துக்கு எதிரான 1992 லார்ட்ஸ் டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்குத் தேவை 138, பாகிஸ்தான் 95 ரன்களுக்கு 8 விக்கெட். வாசிமும் வக்காரும் ஆட்டமிழக்காமல் 43 ரன்களுக்கும் மேல் சேர்த்து வென்றார்கள், அதுவும் மட்டையைப் பிடித்து! இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட்டுகள் வக்காருடையவை. அந்தத் தொடரில் வக்கார் 22 விக்கெட்டுகள், வாசிம் 21. அதே ஆண்டு உலகக் கோப்பையை முதுகெலும்பு விரிசலால் இழந்துவிட்டு, சில மாதங்களில் திரும்பிவந்து செய்தது இது. இதையும் நெருக்கடி இல்லை என்பீர்களா?

கணக்குப்பிள்ளை:
அந்தத் தொடரைப் பற்றிப் பேச வேண்டுமானால் பந்தின் நிலையைப் பற்றியும் பேச வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் கோடை முழுவதும் என்ன பேசினார்கள் என்பதை மறந்துவிட்டீர்களா? லார்ட்ஸ் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே நடுவர்கள் பந்தை மாற்றினார்கள். அது போதாதென்று 2000 ஜூலையில், கொழும்பில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டத்துக்குப் பிறகு பந்தைச் சேதப்படுத்தியதற்காக ஓர் ஆட்டத் தடை பெற்றார். அந்தக் குற்றத்துக்காகத் தடை பெற்ற உலகின் முதல் வீரர் என்ற பெருமை தங்கள் தலைவருக்கு உரியது.

பழைய பந்து:
வந்துவிட்டதா! இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆங்கிலேயர்கள் 1992-ல் ஆட முடியாததை ஏமாற்று வேலை என்றார்கள். 2005-ல் அவர்களுடைய ஃபிளின்டாஃபும் சைமன் ஜோன்ஸும் அதே ரிவர்ஸ் ஸ்விங்கால் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் தொடரை வென்றபோது அது கலையாகிவிட்டது. பந்தின் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகவும் கனமாகவும் வைத்து, மறு பக்கத்தைக் காய்ந்த ஆடுகளமே சொரசொரப்பாக்க விட்டு, 90 மைல் வேகத்தில் வீசினால் பந்து வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும். சர்ஃபராஸ் நவாஸ் தொடங்கி இம்ரான் கான் வழியாக வந்த வித்தை இது. வேகம் இல்லாதவன் எந்த பாட்டில் மூடியால் பந்தைச் சுரண்டினாலும் அது வராது.

கணக்குப்பிள்ளை:
வித்தையைப் பற்றிய பாடத்தில் கொழும்புத் தடைக்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். 40 ரன்னுக்கும் இல்லை.

டி ஸ்டாண்ட்:
தடைக்குப் பதில்: அவர் அந்தத் தண்டனையை அனுபவித்தார், திரும்பி வந்தார், அணித்தலைவரானார், 2001 ஜூனில் லீட்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக 36 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் மேலும் 6. தங்கள் கூற்றுப்படி பெங்களூருவில் உடைந்துபோனவர், ஐந்து ஆண்டுகள் கழித்து ஒட்டவைத்துக்கொண்டு வந்தாரா?

எனக்கு நேரடியாகத் தெரிந்ததையும் சொல்கிறேன். 1999 ஜனவரி இறுதியில் இந்தியா-பாகிஸ்தான் டெஸ்ட்டுக்காகச் சேப்பாக்கத்தில் இருந்தேன். வெற்றிக்கு இந்தியாவுக்கு 271 தேவை. நான்காம் இன்னிங்ஸ் தொடங்கியதும் நம் ஊர்ப் பையன் ரமேஷையும் லக்ஷ்மணையும் வக்கார் அனுப்பிவைத்தபோது இந்தியா 6-க்கு 2. அதற்குப் பிறகு டெண்டுல்கர் ஆடிய 136-ஐயும் சக்லைன் முஷ்டாக்கையும்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாகிஸ்தான் 12 ரன்களில் வென்ற ஆட்டத்தில் அந்த இரண்டு விக்கெட்டுகளின் மதிப்பு என்ன என்று கழிக்கத் தெரிந்தவர்கள் கழிக்கட்டும். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கைதட்டலைச் சென்னைக்காரர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்? அன்று எழுந்து நின்றதாகச் சொல்கிறவர்களையெல்லாம் கூட்டினால் சேப்பாக்கம் போதாது, தீவுத்திடலையும் சேர்க்க வேண்டும். அது நிற்க. அடுத்து டெல்லி டெஸ்ட், அதற்கு அடுத்து கொல்கத்தா. கொல்கத்தாவில் வக்கார் எங்கே? நீக்கப்பட்டார். அவர் இடத்தில் வந்த ஷோயப் அக்தர், டிராவிட்டையும் டெண்டுல்கரையும் அடுத்தடுத்த பந்துகளில் போல்டாக்கினார். இரண்டு விக்கெட்டுக்கு இவ்வளவு மதிப்பு என்றால் அணி நிர்வாகத்துக்கு அது ஏன் தெரியவில்லை?

டி ஸ்டாண்ட்:
நான் டிக்கெட்டின் படத்தை இங்கேயே முன்பு பதிவிட்டிருக்கிறேன், தாங்களும் அதற்குக் கருத்து எழுதியிருக்கிறீர்கள். இப்போது தீவுத்திடல் என்று கேலி பேசுவது தங்கள் தரத்துக்கே அழகல்ல. ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டுமானால் நேராகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
டிக்கெட் இருந்ததை மறுக்கவில்லை. எழுந்து நின்றதற்கு டிக்கெட்டில் முத்திரை குத்துவார்களா?

யார்க்கர் தாசன்:
விஷயத்துக்கு வருவோம். ஒரே பந்துவீச்சாளருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்த விவாதம் நகராது. முதல் 33 டெஸ்ட்களில் 190 விக்கெட்டுகள், சராசரி 20-க்கும் கீழே. மீதமிருந்த 54 டெஸ்ட்களில் 183. நடுவே முதுகு திரும்பத் திரும்ப உடைந்தது. இம்ரான் கான் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தபோது தொலைக்காட்சியில் பார்த்து, யார் இந்தப் பையன் என்று தேடி அழைத்துவந்த அந்தப் புரேவாலாக்காரர், 18 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு கராச்சியில் டெஸ்ட் ஆடத் தொடங்கினார். அதே ஆட்டத்தில் அறிமுகமான டெண்டுல்கரை 15 ரன்னில் போல்டாக்கினார். அப்போது இந்திய அணித்தலைவர் நம் ஸ்ரீகாந்த். வளர்ந்து முடியாத முதுகை வைத்து அந்த வயதில் அவர் வீசிய ஓவர்களுக்கான விலையை 1995-க்குப் பிறகு கொடுத்தார். பெங்களூருவில் ஜடேஜா அடித்தது அந்த இரண்டாவது வக்காரை. முதல் வக்காராக இருந்தால் 48-வது ஓவரிலேயே கதை முடிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
இது புதிய உத்தி, பாராட்டுகிறேன். நன்றாக வீசினால் முதல் வக்கார், அடி வாங்கினால் இரண்டாவது வக்கார். சற்று முன் 2001 லீட்ஸில் 7 விக்கெட் எடுத்தவர் எந்த வக்கார்? லாராவை வீழ்த்தியவர்? 1997-ல் கிளாமோர்கன் மாகாணத்துக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தவர்? அவர்களெல்லாம் 1995-க்குப் பிற்பட்டவர்கள். தங்கள் அணியிலேயே மூவர் மூன்று விதமாகப் பேசுகிறீர்கள்: ஒருவர் வாசிம் இல்லை என்கிறார், ஒருவர் முதுகு சரியில்லை என்கிறார், இன்னொருவர் ஆங்கிலேயர் மோசம் என்கிறார். மூன்றையும் ஒரே தட்டில் வைத்தாலும் 40 ரன்னின் எடைக்கு வரவில்லை. முதுகு சரியில்லை என்றால், அதே நாளில் முதல் 8 ஓவர்களில் 27 ரன் கொடுத்தபோது அது எப்படிச் சரியாக இருந்தது? மத்தியானம் நன்றாக இருந்த முதுகு, இன்னிங்ஸ் முடிவதற்கு 3 ஓவர் இருக்கும்போது வலிக்கத் தொடங்கியதா?

பழைய பந்து:
8 ஓவர் வீசிய பிறகு முதுகு வலிக்கும் என்பது பந்துவீசியவர்களுக்குத் தெரியும். விசைப்பலகையில் வீசுகிறவர்களுக்கு விரல்தான் வலிக்கும்.

கணக்குப்பிள்ளை:
தனிநபர் தாக்குதல் தொடங்கிவிட்டது, ஆகவே வாதம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். தெரிந்துகொள்ளுங்கள், நான் கல்லூரி அணிக்கு ஆடியவன்.

பழைய பந்து:
எந்த ஆண்டு, எந்த மாவட்டம், எத்தனை ஆட்டம்? எண்களை நேசிப்பவர் தம்முடைய எண்களை மட்டும் சொல்வதே இல்லை.

யார்க்கர் தாசன்:
அன்று பாகிஸ்தான் தோற்றதற்கு வக்கார் காரணம் என்ற அடிப்படையே தவறு. பாகிஸ்தான் தொடக்கம் எப்படி இருந்தது? சயீத் அன்வரும் சொஹைலும் முதல் 10 ஓவர்களிலேயே 84 ரன்கள் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து 288 என்பது கைக்கெட்டும் தூரம். சொஹைல் ஒரு பவுண்டரி அடித்துவிட்டு, அடுத்த பந்தையும் அங்கேயே அடிப்பேன் என்று இந்தியப் பந்துவீச்சாளர் வெங்கடேஷ் பிரசாத்தைப் பார்த்து மட்டையை நீட்டி, அடுத்த பந்திலேயே போல்டானாரே, அதற்கும் வக்கார்தான் காரணமா? மெதுவாகப் பந்துவீசியதற்காக ஓர் ஓவர் பறிக்கப்பட்டு 49 ஓவர்களே ஆட நேர்ந்ததே, அதுவும் வக்காரின் தலையிலா? அணித்தலைவர் தலைக்கனத்தில் விட்ட ஆட்டத்தை, மைதானத்திலிருந்த ஒரே முதல்தர வேகப்பந்துவீச்சாளரின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

கணக்குப்பிள்ளை:
கடைசி 3 ஓவர்களில் இந்தியா எடுத்தது 51 ரன்கள். அதில் வக்காருடைய பங்கு 40. நடுவே ஆகிப் ஜாவேத் வீசிய ஓவரில் மீதம் 11. அதே ஆடுகளம், அதே ஜடேஜா, அதே கூட்டம், அதே சத்தம். வக்காரைவிடப் பல படிகள் குறைவாக மதிக்கப்படும் ஆகிப் 11 கொடுத்த இடத்தில், வக்கார் ஓவருக்கு 20 கொடுத்தார். இந்த ஒப்பீட்டுக்கு வாசிமும் வேண்டாம், முதுகும் வேண்டாம், சொஹைலும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இந்த இழையில் நான் நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

நடுநிலை நாயகன்:
வரையறையைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வேண்டுமானால் அவர் டெஸ்ட்டில் ஒவ்வொரு 43 பந்துகளுக்கும் ஒரு விக்கெட் எடுத்தார் என்பதிலிருந்து தொடங்கலாம். 300 விக்கெட்டுகளைத் தாண்டியவர்களில் டேல் ஸ்டெயின் வரும்வரை அதுவே முதலிடத்தில் இருந்தது. விக்கெட்டைத் தேடி வீசுபவர் சில நாள் ரன் கொடுப்பார் என்பது அந்த வகைப் பந்துவீச்சின் இயல்பு அல்லவா?

கணக்குப்பிள்ளை:
நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

டி ஸ்டாண்ட்:
அந்த 40 ரன்னில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டீர்கள், ஐயா. கடைசியில் ஜடேஜாவின் விக்கெட்டை எடுத்ததும் வக்கார்தான். பிடித்தவர் சொஹைல். 2003 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனிலும் அப்படித்தான்: இந்தியா வெறியாட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது சேவாக்கையும் கங்குலியையும் அடுத்தடுத்த பந்துகளில் வீழ்த்தியவர் 31 வயது வக்கார். உடைபவர் செய்யும் காரியமா இது?

கணக்குப்பிள்ளை:
செஞ்சூரியனைத் தாங்களே கொண்டுவந்ததற்கு மிக்க நன்றி. 8.4 ஓவர்களில் 71 ரன்கள். அதே உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக தரையில் படாமல் இடுப்புக்கு மேலே வரும் ஃபுல் டாஸ்களை வீசி, இனிப் பந்துவீசக் கூடாது என்று நடுவரால் நிறுத்தப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். அணித்தலைவர் அவர், அணி முதல் சுற்றோடு வீடு திரும்பியது. 1996, 1999, 2003 என்று மூன்று உலகக் கோப்பைகள், ஒன்றில்கூட இறுதி ஆட்டத்தில் அவர் பந்துவீசவில்லை.

யார்க்கர் தாசன்:
1999 இறுதி ஆட்டத்தில் அவரை ஆடவைக்கவே இல்லை. ஆடாத ஆட்டத்தில் பந்துவீசவில்லை என்று குற்றம் சாட்டும் முதல் மனிதர் தாங்களாகத்தான் இருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் ஆடிய மற்றவர்கள் 132 ரன்னுக்குச் சுருண்டார்கள். நல்ல வேளை வக்கார் அங்கே இல்லை, இருந்திருந்தால் அதையும் அவர் கணக்கில் எழுதியிருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
ஏன் ஆடவைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அப்படியே ஆகிப் ஜாவேத்தின் 11 ரன்னுக்கும் பதில் சொல்லிவிடுங்கள், ஐந்தாவது முறை.

பழைய பந்து:
கல்லூரியின் பெயரைத் தாங்கள் சொன்ன பிறகு.